சித்தப்பா மகனின் சம்பளச் சீட்டு

அப்பாவின் தகரப் பெட்டியில் பட்டாவும் சிட்டாவும் நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகளும் இருக்கும் என்று தெரியும். நிலத்தைப் பெயர் மாற்ற வேண்டியிருந்ததால் கருமாதிக்கு முதல் நாள் அதைத் திறந்தேன். ரசீதுக் கட்டின் நடுவே நான்காக மடித்த ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாள். நான் ஒன்றும் கொடுத்ததே இல்லை என்பதையும் மறந்து, மகனுடைய சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. பிரித்துப் பார்த்தால் பெயர் என்னுடையதில்லை, சித்தப்பா மகனுடையது. அப்பா போய்ப் பதினைந்து நாள்கூட முழுசாக ஆகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, தண்ணீர் எல்லாருக்கும் போன பிறகு வந்து சேரும் கடைமடை. அவன் என்னைவிட மூன்று மாதம் இளையவன். தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். அவன் என் நோட்டைப் பார்த்துத்தான் படித்தான். இதை இன்றைக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசி வருஷம் பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி அவனை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டது. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் என்று கடிதம். சித்தப்பா அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் பதினெட்டாயிரம் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி முடித்தார். எங்கள் பக்கத்தில் பணம் என்பது குறுவைக்கு ஒரு தரம், சம்பாவுக்கு ஒரு தரம் கண்ணில் படுவது. மாதாமாதம் அறுவடை என்றதும் ஊர் வாயைப் பிளந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

ஏழு மாதம் சென்னையில் ஃபைலும் கையுமாக அலைந்து ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். பிடித்தம் போகக் கையில் ஐயாயிரத்து நானூறு. ஊருக்குப் போன் போட்டுப் பன்னிரண்டாயிரம் என்றேன். பதினெட்டு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். பொய் சொன்னால் அதற்குத் தீனியும் போட வேண்டுமே. பொங்கலுக்கு அவன் சித்தப்பாவுக்குக் கலர் டிவி வாங்கி வந்தான், இருபது அங்குலம். அடுத்த பொங்கலுக்கு நான் இருபத்தொரு அங்குலம் கொண்டுபோய் இறக்கினேன், இருபத்துநான்கு மாதத் தவணையில். தவணையும் மேன்ஷன் வாடகையும் போக, மாதக் கடைசிப் பத்து நாளும் ராத்திரிக்கு வாழைப்பழமும் தண்ணீரும்தான். ஒரு ரூபாய் சேர்த்ததில்லை. அவன் போஸ்ட் ஆபீசில் மாதாமாதம் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டபோது, பதினெட்டாயிரம் வந்தால் நானும்தான் கட்டுவேன் என்று பொருமினேன்.

அந்த வருஷம் தண்ணீர் வராமல் குறுவை போயிற்று. சம்பா நடவுக்கு அப்பா வங்கியில் கடன் கேட்டிருந்தார். ஜாமீனுக்கு மாதச் சம்பளக்காரர் ஒருவருடைய சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்களாம். டெலிபோன் பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "உன் சீட்டு ஒண்ணு அனுப்புப்பா. நடவு தள்ளிப்போனா நாத்து முத்திடும்."

சீட்டில் ஐயாயிரத்து நானூறு என்று அச்சாகியிருக்குமே. "எங்க கம்பெனியில சீட்டெல்லாம் கொடுக்க மாட்டாங்கப்பா" என்றேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். நடவு நடந்தது. எப்படி நடந்தது என்று நான் கேட்கவேயில்லை. கேட்டால் சீட்டுப் பேச்சு வரும்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இப்போதுதான் விடை பார்த்தேன். வங்கிக்கு இதன் நகல் போயிருக்க வேண்டும். சீட்டோடு குண்டூசியில் குத்திய ஒரு துண்டுத்தாள், சித்தப்பா மகனின் கோழிக் கிறுக்கல். "பெரியப்பா, நீங்க கேட்ட சீட்டு இதோட இருக்கு. எங்க அப்பாகிட்ட மட்டும் காட்டிடாதீங்க." ஏன் என்று தொகையைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் கையில் வாங்கியது பதினோராயிரத்து நூற்றெண்பது. மிச்சமெல்லாம் வைப்பு நிதி, வருஷக் கடைசி போனஸ், கம்பெனி பஸ், கம்பெனிச் சாப்பாடு என்று கடிதத்தோடு நின்றுவிட்ட பணம். நான் சொன்ன பொய்யே அவனுடைய நிஜத்தைவிடப் பெரியது. இல்லாத ஏழாயிரத்துக்காக இத்தனை வருஷம் வெந்திருக்கிறேன். இன்று புதுப் பட்டதாரிகளுக்கு வேலைக் கடிதம் கொடுக்கிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதுகள் பேனாவைத் தொடுமுன், "கையில எவ்ளோ சார் வரும்?" என்று கேட்கின்றன. எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த நடவுக்குப் பிறகு அப்பா என் சம்பளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம், பஸ் ஏறுமுன் என் சட்டைப் பையில் இருநூறோ முந்நூறோ திணிப்பார். "வச்சுக்க. பட்டணத்துல செலவு இருக்கும்." பன்னிரண்டாயிரம் வாங்குகிறவனுக்கு முந்நூறா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவனுடைய பதினெட்டே பதினொன்று என்றால், என் பன்னிரண்டு எவ்வளவாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். கடன் வாங்கி நட்டவர் கொடுத்த காசு அது.

மறுநாள் கருமாதிச் சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா உறவுக்காரர்களிடம் வழக்கமான பாட்டைத் தொடங்கினார். "எம் பையன் அந்தக் காலத்துலயே பதினெட்டாயிரம் வாங்குனவன்." சித்தப்பா மகன் தலையைக் குனிந்துகொண்டான். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். இப்படி ஒரு நாளுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். கையும் பைக்குள் போயிற்று. சீட்டை விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

"ஆமா சித்தப்பா. எனக்கெல்லாம் அப்ப கையில ஐயாயிரத்து நானூறுதான்" என்றேன். அந்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. சித்தப்பா மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. சம்பளத்தின் மேல் இருந்தது போய்விட்டது. அப்பா கேட்டதும் அவன் சீட்டை அனுப்பினானே, அதன் மேல்தான் இப்போது. என் அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவே சாகும்வரை ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. எல்லாரும் போன பிறகு சீட்டை மறுபடி நான்காக மடித்து, அப்பா வைத்திருந்த இடத்திலேயே, கிஸ்தி ரசீதுகளுக்கு நடுவே வைத்தேன். இன்னொரு சீட்டு வைக்க அங்கே இடம் இருந்தது.