முக்கால் டேங்க் எண்ணெய்

6.3.1999. எண்ணெய் பம்ப் கழற்றி, துளை அடைத்தது. எண்ணெய் டேங்க் கழற்றியது.
6.3.1999. பெட்ரோல் 20 லிட்டர், எண்ணெய் 400 மில்லி.
10.3.1999. பெட்ரோல் 15 லிட்டர், எண்ணெய் 300 மில்லி.
15.3.1999. பெட்ரோல் 12 லிட்டர், எண்ணெய் இல்லை.

முதல் வரியின் கடைசி மூன்று சொற்கள் பொய். ஏரி மீட்பு நிலையத்து மெக்கானிக் முப்பத்தொரு ஆண்டுகளில் எழுதி நிரப்பிய பதினேழு நோட்டுகளில் வேறு பொய் கிடையாது.

நிலையத்தில் அவருக்கு மில்லி என்று பெயர். வைத்தவன் மனைவியின் தம்பி. அங்கேயே வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன். தாய் தகப்பன் போனபின் அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"அத்தான், நீங்க தும்முனாக்கூட எத்தனை மில்லின்னு எழுதி வைப்பீங்க போல."

"உன் காபிக்கே தனிப் பக்கம் போட்டிருக்கேன் மாப்ளே. நேத்து மட்டும் நாலு டம்ளர்."

"அக்கா, பாத்தியா உன் வீட்டுக்காரர? குடிச்சது கரைஞ்சு போச்சு, கணக்கு மட்டும் கரையல."

அந்த ஸ்கூட்டரின் எஞ்சின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் ஒரு டேங்கில், எண்ணெய் இன்னொரு டேங்கில். ஒரு சின்ன பம்ப் எண்ணெயை வேண்டிய அளவு இழுத்து எஞ்சினுக்குக் கொடுத்துவிடும். ஓட்டுகிறவன் சீட்டைத் தூக்கி எண்ணெய் மட்டம் பார்த்துவிட்டு வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். பிப்ரவரியில் அந்த பம்ப் மக்கர் செய்ய ஆரம்பித்தது. புதியது வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். எண்ணெய் நின்றால் சில நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அதனால் மெக்கானிக் பம்பையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். இனி ரோட்டில் ஓடும் பழைய ஸ்கூட்டர்களுக்குச் செய்வதுபோல் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டியது, ஐம்பதுக்கு ஒன்று.

மார்ச் ஆறாம் தேதி, சனிக்கிழமை, வேலை நடந்தது. பம்ப் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு வெட்டி, பேக்கிங் வைத்து இறுக்கினார். கார்புரேட்டருக்குப் போன இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் பிடுங்கி, அந்த வாய்களுக்கு ரப்பர் மூடி மாட்டி கிளிப் போட்டார். காற்று புகுகிறதா என்று சோப்பு நீர் தடவியும் பார்த்தார். மிச்சம் இருந்தது எண்ணெய் டேங்க். அதைக் கழற்றினால் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று அபாய மணி கத்தத் தொடங்கும். அந்த ஒயரைத் தேடி வெட்ட வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது. டேங்க் முக்கால் நிறைந்து அப்படியே இருக்கட்டும், மணி வாய் திறக்காது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அவர் வாயில் அதற்கு முன் வராத வார்த்தை அது.

பெட்ரோல் கலப்பது அவர் ஒருவரே என்பதால் வேறு யாருக்கும் சொல்லவில்லை. மைத்துனன் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தான். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை வந்ததும் சொல்வதாக இருந்தார். அன்று மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நிலையத்துக்கு வர எட்டேகால் ஆகிவிட்டது.

எட்டு ஐந்துக்கே சங்கு ஊதிவிட்டது. நீர்மட்டம் அளக்கப் போன ஊழியரின் படகு நடு ஏரியில் கவிழ்ந்துவிட்டது. மைத்துனன் சீட்டைத் தூக்கினான். முக்கால் டேங்க் எண்ணெய். டிரம்மிலிருந்து பன்னிரண்டு லிட்டர் வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பறந்தான். தத்தளித்த ஆளை எட்ட இன்னும் நாற்பது மீட்டர் இருக்கும்போது எஞ்சின் கிறீச்சென்று நின்றது. குதித்து நீந்தினான். போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு தொப்பி மட்டும் மிதந்தது.

ஊரே கரையில் நின்று உடலைத் தேடிக்கொண்டிருந்த அந்த மத்தியானம், மெக்கானிக் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேங்கைக் கழற்றினார். மணியின் ஒயரை வெட்டினார். டேங்கைப் பரணில் பழைய கயிறுகளுக்குப் பின்னால் தள்ளினார். நோட்டை எடுத்து, ஆறாம் தேதி வரியின் ஓரத்தில் இருந்த இடத்தில் மூன்று சொற்களை எழுதினார். குடியிருந்த வீடு வேலையோடு வந்த வீடு. இரண்டு பெண்கள். எழுத்து மற்ற வரிகளைப் போலவே நேராக விழுந்தது என்பதுதான் பின்னாளில் அவருக்குத் தாங்க முடியாமல் போனது.

விசாரணை பதினெட்டாம் தேதி. அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு மைத்துனனிடம் கேட்டார். "எண்ணெய் டேங்க்கே இல்லாத வண்டியில வெறும் பெட்ரோல எப்படிய்யா ஊத்தின? கண்ணு எங்க இருந்துச்சு?"

அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"கவனிக்கல சார்."

வேலை போயிற்று. உண்மையை அவன் சொன்னது ஒரே ஒருவரிடம், அக்காவிடம். அன்று மாலை அக்கா கணவரிடம் வந்து நின்றாள்.

"டேங்க் இருந்துச்சுங்கறான். என் கண்ணால பாத்தேன்கறான். உங்க நோட்டுல இல்லைன்னு இருக்கே?"

"நோட்டுல என்ன இருக்கோ அதான்."

"அப்ப ஒரு உசிரையும் வாங்கிட்டு, சோறு போட்ட வீட்டு மேலயே பழியப் போடறானா?" அவள் வாசலில் நின்றிருந்த தம்பியிடம் போனாள். "இனி இந்தப் படி ஏறாதடா."

இரண்டு முறை வந்து நின்றான். கதவு திறக்கவில்லை. பிறகு வெகு தூரத்தில் ஒரு டயர் கடையில் இருப்பதாகக் கேள்வி. அத்தோடு சரி.

2010இல் மெக்கானிக் ஓய்வு பெற்றார். மாடியில் இரண்டு அறை வீடு; கட்டிலுக்கடியில் நோட்டுப் பெட்டி. 2018 செப்டம்பரில் டயர் கடை முதலாளி தொலைபேசினார். ஆள் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறான், சொந்தம் என்று யாராவது உண்டா என்று கேட்டார்.

"எனக்குத் தம்பியே இல்லீங்க" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அப்போதுதான் அவர் சொன்னார். பெட்டியைத் திறந்து, நோட்டைப் பிரித்து, அந்த மூன்று சொற்களின் மேல் விரலை வைத்து, "இது நான் பின்னால எழுதினது" என்றார். முழுவதையும் சொல்லி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அழவில்லை. நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள். "மழையில நின்னான் அவன். ரெண்டாந்தடவ வந்தப்ப. அதையும் எழுதி வச்சிருக்கீங்களா?"

திரும்பக் கூப்பிட்டபோது தம்பி போனுக்கு வரவில்லை. அவள் மூன்று கடிதம் போட்டாள். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. அவளே சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, எழுந்து உக்கார முடியுது. நீ வர வேண்டாம், நானும் வரல. அத்தான் பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல, உன் ரெண்டு பொண்ணுங்கள நெனச்சுத்தான் நானும் வாய மூடினேன். நீ நம்பலையே, அதான். ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நான் பாத்தேன், முக்கால் டேங்க் இருந்துச்சு. அத அந்த நோட்டுல எழுதச் சொல்லு. இனி கடிதம் போடாத."

அவள் நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். அவர் மூன்று சொற்களை ஒற்றைக் கோட்டால் அடித்தார். கீழே எழுதினார்: "எண்ணெய் டேங்க் கழற்றவில்லை. முக்கால் டேங்க் எண்ணெய் இருந்தது. ஓட்டுநர் பார்த்தது சரி. டேங்க் கழற்றியது 15.3.1999, விபத்துக்குப் பின்."

அவள் நகரவில்லை. அதற்கும் கீழே எழுதினார்: "கடிதம் வந்தது 22.11.2018."