துருவக் கரைக்குப் போன கடுகு முடிச்சு

ஜூலை ஒன்பது, காலை எட்டே முக்கால், மூடுபனி, இரண்டு டிகிரி. வடதுருவக் கடலில் கப்பல் நின்றது. கரையில் நிற்க ஒன்றரை மணி நேரம் தந்திருந்தார்கள். வெளியூர் விதை ஒன்றுகூட அங்கே விழக் கூடாதாம். அதனால் படகில் ஏறுமுன் கப்பல் ஊழியப் பெண் ஒருத்தி எல்லோருடைய பைகளையும் உடைகளையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தாள். பொறுப்பான பயணம் என்று அதற்குப் பெயர்.

என் கோட்டின் உள்தையலில் ஒரு துணி முடிச்சு அகப்பட்டது. எங்கள் ஊர் முதலமடையில் கிளம்பும்போது, கண் படாமலிருக்க மனைவி தைத்து வைத்தது. கல்லுப்பு, ஐந்து மிளகாய், நாற்பத்தொரு கடுகு. அங்கேயே எண்ணினேன்.

"முடிச்சில்லாம நீங்க எறங்க வேண்டாங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"காசு கட்டியாச்சு. தூக்கிப் போடு."

"சும்மா போடக் கூடாதுங்க. சுத்தித்தான் போடோணும்."

விதை செத்தால் போதும் என்றாள் அந்தப் பெண். அப்படியே உடன்பாடு ஆயிற்று. மனைவி என்னை மூன்று சுற்று சுற்றி, கப்பல் சமையலறையில் காய்ந்த வாணலியில் முடிச்சைக் கொட்டினாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வந்தது. சமையல்காரர்கள் நால்வரும் இருமிக்கொண்டு ஓடினார்கள். அபாயமணி அலறியது. அது அடங்கிப் படகு கரை சேர்ந்தபோது எனக்கு மிஞ்சியது பதினேழு நிமிடம்.

பனியில் நின்றபோது மனைவி வருத்தமாகச் சொன்னாள்: "ஏனுங்க, ஒருத்தரு கண்ணும் உங்க மேல படவே இல்லீங்க."

இத்தனைக்கும் செலவு ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.