உள்ளங்காலில் சுண்டிய விரல்

செல்லச்சாமியின் தலைமயிரில் காய்ந்து ஒட்டியிருந்த பசையை, வெந்நீரில் நனைத்த துணியால் பாப்பம்மா தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மூளையின் அலைகளைப் பதிய இரவில் ஒட்டிய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தாள்.

"மெதுவா அக்கா. மிச்சம் இருக்கிறதே நாலு மயிரு. அதையும் புடுங்கிட்டா எம் பொஞ்சாதி யாரோன்னு வாசல்லயே நிப்பாட்டிருவா."

"குறட்டைய வச்சே கண்டுபுடிச்சிருவா. தலைய ஆட்டாத."

2003ஆம் வருஷம். போர்நிறுத்தத்தில், யாழ்ப்பாணம் போகும் ஏ-ஒன்பது பாதை திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செல்லச்சாமி பலாபத்வலயிலிருந்து முத்தலிப் முதலாளியின் மரக்கறி லொறியை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டுகிறவன். இரண்டு மாதத்துக்கு முன் பட்டப்பகலில் ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போனான். லொறி மதகில் ஏறி நின்றது. குடித்திருந்தான் என்று ஊர் சொன்னது. அவன் குடிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அது. இரவெல்லாம் மூளை அவனை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருக்க, பகலில் கண் தானாக மூடியது. டாக்டர் எழுதித் தரும்வரை சாவி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

டாக்டர் சந்திரகாந்தா இந்த நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். மூச்சு விடும்படி மூளை சொல்லவே மறக்கிறதா, சொல்லியும் தொண்டை அடைத்துக்கொள்கிறதா என்பது அவர் கேள்வி. குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நிற்காமலிருக்கக் கொடுக்கும் மருந்து, வளர்ந்தவனின் மூளையையும் தூண்டுமா என்று பார்த்தார். முதல் வாரம் மருந்தில்லாமல், இரவில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று அவரே விழித்திருந்து எண்ணினார். அடுத்த பதினான்கு இரவுகள் மாத்திரையோடு. எண்ணும் வேலை பாப்பம்மாவுக்கு. குறைமாதக் குழந்தை வார்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டார்.

"தொடக் கூடாது பாப்பம்மா. ஒரு நிமிஷத்துக்கு மேல போனா மட்டும் பக்கத்து ரூம்ல என்னை எழுப்புங்க. பத்து செக்கனுக்கு மேல நிக்கிறத மட்டும் எழுதுங்க."

மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பாப்பம்மா தலையாட்டினாள்.

வார்டில் குழந்தைக்கு மூச்சு நின்றால் யாரும் டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு. குழந்தை வீறிட்டு மூச்சை இழுக்கும். முதல் இரவே செல்லச்சாமியின் நெஞ்சு அசையாமல் நின்று உதடு கறுத்தபோது, பாப்பம்மாவின் விரல் போய் அவன் பாதத்தைச் சுண்டிவிட்டது. அவன் உறுமினான், மூச்சு வந்தது, கண் திறக்கவில்லை. அதன் பிறகு பத்து எண்ணும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை, எட்டிலேயே சுண்டினாள். பத்துக்குக் குறைந்ததை எழுதத் தேவையில்லை. அவள் கைக்குத் தப்பிப் பத்தைத் தாண்டியவை மட்டும் தாளில் ஏறின. ஆகவே பொய்யாக ஒன்றும் எழுதவில்லை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

பசை கழுவி முடிவதற்குள் டாக்டர் தாள்களோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு ராத்திரிக்கு இருநூத்துப் பன்னெண்டு இருந்துச்சு. இப்ப அறுபத்தெட்டு! மாத்திரை வேலை செய்யுது. செல்லச்சாமி, லெட்டர் எழுதித் தாறேன், லொறிய எடுங்க. பாப்பம்மா, கட்டுரையில உங்க பேரும் வரும்."

பாப்பம்மாவுக்குக் காது மடல் சுட்டது. மாத்திரையல்ல, என் விரல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், இருபத்திரண்டு வருஷ அனுபவக்காரி சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல டாக்டர் சொன்னதைக்கூடக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். சுத்தமாயிருந்த துணியை மறுபடி அலசினாள்.

சாயங்காலம் செல்லச்சாமி நாவுல ஊர்க் கத்தரிக்காய் ஒரு பையோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

"நாளைக்கு ஆறு மணிக்கு லோட் அக்கா. முதலாளி சாவியக் குடுத்துட்டாரு. நீங்க கண் முழிச்ச புண்ணியம்."

வீட்டில் அவன் தூங்கும்போது காலைச் சுண்ட ஆளில்லை. தூக்கம் மறுபடியும் ஸ்டியரிங்குக்குத்தான் வரும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "பாத்து ஓட்டு" என்று பெரிய மனுஷி போலப் புத்தி சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் செய்ததிலேயே கேவலமானது அதுதான். கத்தரிக்காயை வெட்டவும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பலாபத்வலயில் இறங்கினாள். லொறியில் கரட் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி, செல்லச்சாமி, சுமை ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள்.

"டாக்டர்ட லெட்டர் இரிக்குதானே?" என்றார் முத்தலிப்.

"அந்த லெட்டர் பிழை முதலாளி. பிழை என்னோடது. இவனுக்குச் சுகமாகல."

செல்லச்சாமி லொறிச் சாவியை உள்ளங்கையில் உருட்டினான்.

"நேத்துச் சொல்லியிருந்தா எனக்கு மட்டுந்தானே தெரிஞ்சிருக்கும் அக்கா? இத்தன பேரு முன்னால நிக்க வச்சுட்டீங்களே."

அவன் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். முதலாளி வேறு டிரைவருக்கு ஆள் அனுப்பினார்.

பாப்பம்மா அடுத்த பஸ்ஸில் டாக்டரிடம் போய் அதையே சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, பதினான்கு தாள்களையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் "நோயாளியைத் தொட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.