கீழே இருந்தவன் எங்கே போனான்?

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் குனிந்து, கதிரைக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்தின் மேல்மாடி அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு படம் போடுவோம். முடிந்ததும் வட்டமாக இருந்து கதைப்போம். அன்றைய படம் விண்வெளியில் தனித்துப்போன ஒருவனைப் பற்றியது. பூமியோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. மாதக்கணக்காகக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. கடைசியில் ரேடியோவைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே தெரியும் நட்சத்திரங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறான். வயலின் இசை பெருகிவர, படம் முடிகிறது.

அத்தானை அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது என் பிழைதான் என்று அக்கா இன்றும் சொல்லுவாள். விண்வெளிப் படம் என்றால் ராக்கெட்டும் சண்டையுமாக இருக்கும், மனிதர் கொஞ்சம் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த அத்தான், சரக்குக் கப்பல்களில் மின்சார வேலை பார்த்தவர். கடைசியாகப் போன கப்பலை அதன் சொந்தக்காரர்கள் ஏதோ ஒரு தூரதேசத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி கைவிட்டுவிட்டார்கள். கரையில் இறங்க அனுமதி இல்லை. ஆள் அனுப்பிய முகவர்கள் மற்றவர்களை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலுக்குப் பொறுப்பாக ஓர் ஆளாவது இருந்தாக வேண்டும் என்றார்களாம், மிஞ்சியவர் அத்தான். ஏழு மாதம் தனியே இருந்தார். திரும்பி வந்து நாலு மாதமாகியும் அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள், கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு தேநீர் குடித்தார். நானும் விதி என்றுதான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் முதலில் பேசினார். தனிமையை ஏற்றுக்கொள்ளும் கணத்தில்தான் மனிதன் விடுதலை பெறுகிறான், அந்தப் புன்னகையில் எல்லாம் இருக்கிறது என்றார். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண், ஊரடங்கு நாட்களில் தனி அறையில் கிடந்ததை நினைத்து அழுதாள். இன்னொருவருக்குப் படம் சரியான இழுவை. நான் அத்தானின் முழங்கையைத் தொட்டு, போவோம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகவில்லை.

“அவன் ஏன் ரேடியோவ நிப்பாட்டினவன்?”

“அது ஒரு குறியீடு, தம்பி. அவர் சமாதானமடையிறார்” என்றார் விரிவுரையாளர், கனிவாகவே.

“சேர், நான் ஏழு மாசம் ஒரு கப்பல்ல தனிய இருந்தனான். நட்சத்திரம் நிறைய இருந்தது. வயலின் இல்லை. எலி இருந்தது.”

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தான் கைகளைப் பின்னால் கட்டியபடி, வேலை விபரம் சொல்வது போலச் சொன்னார். “காலம எட்டு மணிக்குக் கரைக்குக் கூப்பிடுவன். கப்பல்ர பேர் சொல்லி, ஒரு ஆள் இருக்கிறன், உயிரோட இருக்கிறன் எண்டுவன். பொறுத்திரு எண்டு பதில் வரும். சில நாள் அதுவும் இல்லை. அடுத்த நாள் எட்டு மணிக்குத் திரும்பக் கூப்பிடுவன். ஷேவ் எடுத்துப்போட்டுத்தான் கூப்பிடுவன். அவங்களுக்கு என்ர முகம் தெரியாது. எனக்குத் தெரியும்தானே.”

பிறகு வெறுந்திரையைக் காட்டினார். குரல் உயர்ந்தது. “ரெண்டு மணித்தியாலம் அவன்ர முகத்தையே காட்டினாங்கள். அவன்ர குரலைக் கேக்கவெண்டு பூமியில ஒருத்தன் மேசைக்கு முன்னால இருந்திருப்பான்தானே? கீழ இருந்தவன் எங்க போனவன்? படம் எடுத்தவனும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. அவன் வடிவாச் சிரிச்சது மட்டும் உங்களுக்குப் போதும்.”

“நான் கேட்டிருக்க வேணும்” என்றார் விரிவுரையாளர். அந்த வயதில், அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்வது லேசான காரியமில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மதிப்புண்டு. விதி என்ற ஒரு சொல்லால் வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் கரையில் இருந்த அந்த மேசைக்காரனைத் தப்பவிட்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ்கள் இரையும் காலி வீதியில் நடந்து வரும்போதுதான் அத்தான் கடித விஷயத்தைச் சொன்னார். அவரைக் கப்பலுக்கு அனுப்பிய முகவர் நிலையத்திடம் அவருடைய சேவை விபரங்கள் பதிந்த கப்பல் புத்தகம் இருந்தது. அது இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. ‘என் சொந்த விருப்பத்தின் பேரிலேயே கப்பலில் தங்கினேன், யார்மீதும் குறையில்லை’ என்ற கடிதத்தில் ஒப்பமிட்டால் புத்தகத்தைத் தருவார்களாம். போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று அக்காவும் சொல்லியிருந்தாள்.

“நாளைக்குக் கையெழுத்துப் போடத்தான் இருந்தனான்” என்றார். “நீரும் வாரீரோ?”

திங்கள் காலை, கொழும்புக் கோட்டையில் இருந்த அந்த அலுவலகத்தில் தேநீர் கொடுத்து உபசரித்தார்கள். முகாமையாளர் இளைஞர். “அய்யே, ஒரு கையெழுத்துத்தானே” என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிச் சிரித்தபடி பேனாவை நீட்டினார். அத்தான் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். சொந்த விருப்பம் என்ற வரியைக் குறுக்கே வெட்டி, அதற்கு மேல் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினார்: என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். அதன் கீழே ஒப்பமிட்டார். முகாமையாளரின் சிரிப்பு மறைந்தது. இப்படியென்றால் புத்தகம் வராது என்றார்.

“சரி, நாளைக்கும் வாறன்” என்றார் அத்தான் சிங்களத்தில். “எத்தனை மணிக்குத் திறப்பீங்கள்?”

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். வரவேற்பில் பெயரைச் சொல்லிவிட்டு, மத்தியானம் வரை கதிரையில் நிமிர்ந்து இருந்துவிட்டு வருவார். முதல் வாரம் அவரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில், வேலை தேடி வந்த பையன்கள் அவர் பக்கத்தில் இருந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆறாவது வாரத்தில் ஒரு மண்ணிற உறையில் புத்தகம் கைக்கு வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

புத்தகத்தை அலுமாரிக்குள் பூட்டி வைப்பார் என்றுதான் அக்கா நம்பினாள். அவர் இரண்டு மாதத்துக்குள் வேறொரு கம்பனியில், வேறொரு கப்பலில் வேலை எடுத்தார். இப்போதும் கடலில்தான் இருக்கிறார். புறப்படுவதற்கு முதல் நாள் அறைக்குள் நடந்த சண்டை கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“திரும்பவும் அந்தக் கடலுக்கோ? அது உங்களுக்குச் செய்தது போதாதோ?”

“கடலோட எனக்கென்ன கோவம்? கடல் என்னை விட்டிட்டுப் போகேல்லை.”

நான் எட்டிப் பார்த்தபோது, அக்கா அவர் பெட்டிக்குள் திணித்திருந்த சேட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக உதறி மடித்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.