நாலு செகண்ட் பேக்கப்

சர்வர் அறைக்குள் நுழையும் முன் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே பதினெட்டு டிகிரி. "மெஷினுக்கு வேர்க்கக் கூடாது" என்பார். ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், முந்தைய நாளின் பேக்கப்புகள் பச்சை டிக்குகளாக வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கும்.

நுரையீரல் ஆராய்ச்சி நிறுவனமொன்றின் கணினிப் பிரிவுத் தலைவர் அவர். ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'பச்சை டிக்'. யாருக்கு என்ன குறை என்றாலும் மெயில் போட வேண்டும். மெயிலே வேலை செய்யவில்லை என்று ஓடிவந்தவரிடமும், "அதையும் ஒரு மெயில்ல போட்டுடுங்க, ரெக்கார்டு வேணும்ல" என்ற மகானுபாவர். வீட்டிலும் இதே கூத்துதான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி கரடியாய்க் கத்தி ஓய்ந்து, கடைசியில் மெயிலே போட்டாள். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

விஞ்ஞானிகள் என்றாலே அவருக்கு இளக்காரம். "கண்ணுக்குத் தெரியாத செல்லையெல்லாம் கண்டுபிடிப்பாங்க, பாஸ்வேர்டை மட்டும் எழுதி மானிட்டர்ல ஒட்டி வைப்பாங்க" என்பார்.

அவருடைய பெருமையெல்லாம் மூன்று வருடத்துக்கு முந்தையது. மைக்ராஸ்கோப் படங்களையெல்லாம் பழைய சேமிப்புப் பெட்டியிலிருந்து புதியதற்கு மாற்றினார். அதுவரை ஆறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த பேக்கப், மறுநாளிலிருந்து நாலே செகண்டில் முடிந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சந்தேகம் எங்கே வரப்போகிறது? இயக்குநர் கையால் கேடயமும் வாங்கினார். எடுத்து வைத்ததைத் திறந்து பார்த்ததுண்டா என்று ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி கேட்டபோது, "பூட்டின பூட்டை யாராவது உடைச்சுப் பாப்பாங்களா சார்?" என்று மடக்கிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை புதிய பெட்டி புகைந்து செத்தது. செல் ஆய்வகத்து டாக்டரம்மா பதறிக்கொண்டு வந்தார். நோயாளிகள் கொடுத்த திசுக்களில் செல்கள் உயிரோடு இருக்கும்போதே பிடித்த படங்கள், மூன்று வருட உழைப்பு, எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த நோயாளிகளில் பாதிப் பேர் இப்போது இல்லை. மறுபடி போய்க் கேட்க ஆளில்லை.

"ஒரு பயமும் வேணாம் மேடம். ஆயிரத்துச் சொச்சம் பேக்கப் இருக்கு நம்மகிட்ட. எந்தத் தேதி வேணும், சொல்லுங்க" என்று திரையை ஜம்பமாக டாக்டரம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

திங்கட்கிழமை என்றார் டாக்டரம்மா. திறந்தால் காலி. ஞாயிறு, காலி. போன மாதம், போன வருடம், அதற்கும் முந்தைய வருடம். தேதிகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. படங்களை இடம் மாற்றிய மனிதர், இனி எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று பேக்கப்புக்குச் சொல்ல மறந்துவிட்டார். அதுவும் பாவம், காலி செய்த பழைய பெட்டியையே மூன்று வருடமாக, ஒரு நாள் தவறாமல், நகல் எடுத்திருக்கிறது.

"எல்லாமே காலியா இருக்கே சார்" என்றார் டாக்டரம்மா.

அவர் திரையின் விளிம்பைப் பிடித்து, டாக்டரம்மாவின் பார்வைக்கு எட்டாதபடி, மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.