பூவிழியின் இடது கை

செவ்வந்தி படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் பழவேற்காடு ஏரிக்கரையில் மூன்று பள்ளிக்கூடங்களில் அவளுக்கு வேலை உண்டு. கை கால் சரியாக வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க, பொன்னேரியிலிருந்து மனோரமா மேடம் செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதை மிச்ச நாளெல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய வைப்பது செவ்வந்தியின் பாடு. மாவு உருட்டுவது, கயிற்றில் துணிக் கிளிப் மாட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, தட்டில் கொட்டிய பயறைப் பொறுக்குவது என்று எத்தனையோ இருக்கும். மேடம் வர முடியாத வாரத்தில் செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவார். செவ்வந்தி அதை நாலு தரம் போட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு வரை அவளும் ஏரியில் இறால் தடவியவள்தான். "சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத எறாவையே புடிச்ச கை இது. புள்ளைங்க கையப் புடிக்கத் தெரியாதா?" என்று சிரிப்பாள். காலையில் கன்னியம்மனுக்குச் சூடம் ஏற்றி, பயிற்சிச் சாமான் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளம்புவாள்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் பூவிழி சேர்ந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கை மூடின மொட்டு மாதிரி இறுகியிருந்தது. மத்தியானச் சோறு ஊட்டுவதற்கு அவள் அம்மா அம்மணி தினமும் ஏரியிலிருந்து கரையேறி, ஈரப் புடவையோடு ஓட்டமும் நடையுமாக வருவாள். ஊட்டிவிட்டுத் திரும்பிப் போவதற்குள் பாதி நாள் வேலை போய்விடும். எப்படியாவது பூவிழியைத் தானாகச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று செவ்வந்தி பாடுபட்டாள். தடித்த பிடி போட்ட கரண்டியை வலது கையில் திணித்து, விரலோடு விரல் சேர்த்துப் பிடித்துப் பழக்கினாள். கரண்டி வாய்க்குப் போவதற்குள் கவிழ்ந்துவிடும். பசி தாங்காமல் பூவிழியின் இடது கை தட்டுக்கு ஓடும். செவ்வந்தி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

"பீச்சாங்கையால சோறு தொடக்கூடாது கண்ணு. சாமி கோச்சுக்கும்."

இப்படியே நாலு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மனோரமா மேடம் மத்தியானம் வரை இருந்தார். சாப்பாட்டு வரிசையைப் பார்த்தவர், பக்கத்தில் வந்து குனிந்தார்.

"செவ்வந்தியக்கா, அந்தக் கைய ஏன் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

"சோத்தாங்கை பழகட்டும்னுதான் மேடம்."

"வலது கைக்கு நான் சொன்னது விரல் விரிக்கிற பயிற்சி. அது தட்டைப் புடிச்சுக்கிட்டா போதும். சாப்பிடத்தான் நல்ல கை ஒண்ணு இருக்கே!"

செவ்வந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல கை இருக்கும்போதே, அம்மா வந்து ஊட்டும் வரை பிள்ளையை நாலு மாதம் பசியோடு வைத்திருக்கிறோமே என்று மடியிலிருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

அதற்குள் அம்மணி வந்து சேர்ந்தாள். மேடம் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னா மேடம் நீங்க? பீச்சாங்கையால துன்ன வெச்சா, நாளைக்கு ஒரு கல்யாண வூட்டுல இவள யாரு பந்தியில உக்கார வெப்பாங்க? வேணாம். என்னாலயும் தெனம் ஓடியார முடியல. திங்கக்கெழமையிலேந்து வூட்டுலயே கெடக்கட்டும்."

பூவிழி அம்மாவின் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

மூன்று நாள் செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஏரிக்குப் போனாள். அம்மணி இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் சேற்றைத் துழாவின. பிடித்த இறாலைப் போட பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதனால் வாயைத் திறக்க வழியில்லை.

செவ்வந்தி புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சு. நா சொல்றத எதிர்ப்பேச்சு பேசாம கேளு."

"ம்ஹும்!" என்று அம்மணி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மொறைக்காத. தப்பு என்னோடது. மேடம் சொன்னது ஒண்ணு, நா செஞ்சது ஒண்ணு. கொயந்த கைய நாந்தான் அமுக்கி வெச்சிருந்தேன்."

பேசிக்கொண்டே பழைய பழக்கத்தில் அவள் கையும் சேற்றுக்குள் போயிற்று. உள்ளங்கையில் ஒன்று துள்ளியது. சட்டென்று அமுக்கி எடுத்து அம்மணியின் பறிக்குள் போட்டாள். போட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். இடது கை.

"அம்மணி, மொத எறாவ கன்னியம்மாவுக்குத்தான எடுத்து வெப்ப? எந்தக் கையில புடிச்சதுன்னு பாத்தா வெக்கிற?"

அம்மணி பறியை வாயிலிருந்து எடுத்தாள். "ஏரி வேற, சோறு வேறக்கா. ஏரியில எல்லாம் கழுவிக்கினு பூடுது."

"அப்ப சோப்பு போட்டு கழுவிட்டா?"

"நீ ஒருத்தி! பேச்சுல உன்ன ஜெயிக்க முடியுமா?" அம்மணிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. "ஏற்கெனவே நொண்டிக்கைனு சிரிக்கிறானுங்க. இதுக்கும் சிரிப்பானுங்கக்கா. அத எம்புள்ள எப்படித் தாங்கும்?"

செவ்வந்தி இன்னொரு இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட்டபடி சொன்னாள்: "திங்கக்கெழம ஒரு நாளு அனுப்பு. சிரிக்கிறவனுங்க யாரப் பாத்து சிரிக்கிறானுங்கன்னு பாத்துட்டு அப்பால முடிவு பண்ணு."

திங்கட்கிழமை விடிகாலை சூடம் ஏற்றும்போது செவ்வந்தி அம்மனிடம் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு நா செய்யப்போறது தப்புன்னா என்னைக் கேளு தாயே. புள்ளையக் கேக்காத."

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் பூவிழிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்திருந்தார்கள். செவ்வந்தி இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்தாள். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். கை கூசியது. கவளம் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் விழுந்தது, மீதி மூக்கில் ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆயாம்மாவுக்குத் துன்னத் தெரியல டோய்!"

"தெரியலதான்டா. யாராச்சும் சொல்லிக் குடுங்களேன்."

எல்லோரோடும் சேர்ந்து பூவிழியும் சிரித்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள், செவ்வந்தியைப் பார்த்தாள். மூடியிருந்த வலது கையைத் தட்டின் விளிம்பில் ஊன்றி நகராமல் அமுக்கினாள். இடது கையால் சோற்றை உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்படி ஆயாம்மா. கட்ட வெரலால தள்ளு."

"எங்க, இன்னொரு வாட்டி காட்டு."

பூவிழி காட்டினாள். முட்டையையும் பிட்டுக் காட்டினாள். எதிரில் இருந்த ஒரு பையன், தானும் அப்படிச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கையை மாற்றிச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டான்.

அம்மணி வழக்கம்போல ஈரப் புடவையோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். உள்ளே வரக் காலெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூவிழி தட்டைக் காலி செய்கிற வரைக்கும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செவ்வந்தியைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினாள். பிறகு மகளைக் கூப்பிடாமல் திரும்பி, ஏரியைப் பார்த்து நடந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை.