ஏழு தடவை திரும்பிய சிலிண்டர்

சின்னக்குழந்தைக்கு நாற்பத்தெட்டு வயது. பெயரைக் கேட்டால் புது ஆட்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறந்தபோது கூப்பிட்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள்? மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் பன்னிரண்டே வீடுள்ள ஓர் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். சாமை விதைத்தாள், புளி உலுக்கினாள், ஒரே மகள் ரம்யாவை அமிர்திப் பக்கம் கட்டிக்கொடுத்தாள். புருஷன் முனியன் வருஷத்தில் எட்டு மாதம் கேரளத்து எஸ்டேட்டில் இருந்தான். இதற்கிடையில் நெஞ்சில் இளைப்பு வந்து சேர்ந்தது. செங்கத்து டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் அடுப்புப் புகையில் உட்காரவே கூடாது என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன.

காஸ் அவள் வீட்டில் இல்லாமல் இல்லை. செங்கத்து ஏஜென்சியில் வாங்கியதுதான். ஆனால் அந்த வண்டி மலை ஏறாது. அடிவாரத்தில் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் ஏற்றி, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து தலையில் சுமந்து வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இளைப்புக்காரி இதை எத்தனை தடவை செய்வாள்? பாதி நாள் விறகுதான் எரிந்தது.

ஊரில் டவர் எடுக்காது. எடுக்கிற ஒரே இடம் சின்னக்குழந்தையின் கொல்லை மேட்டில் இருக்கும் மொட்டைப் பாறை. ரம்யா வாங்கிக் கொடுத்த போனும் அவளிடம் இருந்தது. பாறையும் அவளுடையது, போனும் அவளுடையது என்றால் கேட்கவா வேண்டும்? பன்னிரண்டு வீட்டு காஸ் புத்தகத்திலும் அவள் நம்பரையே எழுதினார்கள். யார் வீட்டில் தீர்ந்தாலும் அவள்தான் பாறை ஏறிப் பதிவு செய்தாள். ஒரு வாய் மோர்கூட யாரிடமும் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் ரோடு சரிந்து ஜீப் ஓடாதபோது, அடிவாரத்துக்கு வந்த சிலிண்டரை எடுக்க ஆள் போகாது. வண்டிக்காரர் காத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோவார். மூன்று வருஷத்தில் இப்படி ஏழு தடவை. அந்த ஏழில் ஒன்றுகூடச் சின்னக்குழந்தையுடையது இல்லை. கொட்டுகிற மழையில் நடந்தே இறங்கித் தன்னுடையதை எடுத்து வந்தவள் அவள்.

போன மாதம் மலைமேலேயே புதிதாக ஒரு ஏஜென்சி திறந்தார்கள். வியாழன்தோறும் வண்டி வீட்டு வாசலுக்கே வரும். சிலிண்டர் இந்த வியாழன், பணம் அடுத்த வியாழன் கொடுத்தால் போதும். இதைக் கேட்டதும் ஊரையே கிளப்பி ஜீப் ஏற்றியவள் சின்னக்குழந்தை. கிளப்பியவள் என்பதால் வரிசையிலும் முதலில் நின்றாள். இந்த ஊரில் எதற்கும் முதலில் நிற்கக் கூடாது என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

கவுண்ட்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். செங்கத்தில் ஏழு தடவை பதிந்து எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்றாள். பேங்கில் கடன் கேட்டால் பழைய கணக்கைப் பார்ப்பார்களே, அதுபோல இங்கேயும் பார்ப்போம். உங்களுக்குக் கடனுக்குத் தர முடியாது. ஒவ்வொரு தடவையும் நேரில் வந்து முன்பணம் கட்டினால் அனுப்புவோம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

"என் தப்பு இல்லீங்க. மழ. அதுவும் அதுல ஒன்னுகூட என்னுது இல்ல" என்றாள் சின்னக்குழந்தை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு சரிதா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி மாணிக்கம்மாள் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் படித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் நம்பரைத் தருகிறேன் என்றாள் சின்னக்குழந்தை. திரையில் வந்த பிறகு மாற்ற முடியாதாம். பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்துச் சுதாரித்து, திருப்பூரில் இருக்கும் புருஷன், வேலூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் என்று ஆளுக்கொரு நம்பரைக் கொடுத்தார்கள். பதினொரு பேருக்கும் பெயர் சுத்தமாகிவிட்டது.

போய்வர ஒரு பகல் ஆகிறதே என்றுதான் அவள் ஏஜென்சியை மாற்றப் போனாள். இப்போது பணம் கட்ட ஒரு பகல். அந்த வாரம் முழுக்க விறகில்தான் சமைத்தாள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடவும் மூச்சு வேண்டும்.

வியாழக்கிழமை சொன்னபடி வண்டி வந்தது. ஆறு வீட்டுச் சிலிண்டர்; மற்ற ஐந்து வீட்டில் பழையது இன்னும் தீரவில்லை. கொண்டுவந்த இளவழகன் சீட்டை விரித்து, ஓடிபி சொல்லுங்கள் என்றான். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடிபி திருப்பூருக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் போயிருந்தது. ஊரிலோ டவர் இல்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

சின்னக்குழந்தை போனை எடுத்துக்கொண்டு பாறை ஏறினாள். ஐந்து பேர் கிடைத்தார்கள். அவர்கள் சொன்ன எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினாள். சரிதாவின் புருஷன் அஜய் மட்டும் எடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். இளைப்போடு மறுபடி ஏறினாள். மறுபடியும் எடுக்கவில்லை. இளவழகனுக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி.

"திரும்புச்சுன்னுதான் எழுதணும்" என்றான்.

"என் தப்பு இல்லீங்க" என்றாள் சரிதா.

நல்லா வேணும் என்று சின்னக்குழந்தைக்குத் தோன்றியது. மறைப்பானேன், ரொம்ப நன்றாகவே தோன்றியது. ஆனால் அந்தச் சந்தோஷம் பத்து எண்ணுவதற்குள் ஓய்ந்துவிட்டது.

"அவ தப்பு இல்ல தம்பி. ஒரு வாட்டி எழுதிட்டா அது போவவே போவாது. எழுதாதீங்க."

"நான் எழுதலைன்னாலும் ஓடிபி போடலைன்னா மெஷின்ல தானா ஏறிடும்க்கா" என்றான் அவன்.

சரிதா இளவழகன் பக்கம் திரும்பி, "அக்கா நம்பர்ல ஏழுன்னு இருக்குதே, அதுல ரெண்டு என்னுதுங்க" என்றாள்.

சிலிண்டர் வாங்கிய ஐந்து பேரும் அதை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். தன்னிடம் சொல்லிப் பயனில்லை, ஏழுக்கும் அவரவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தால் ஒருவேளை எடுப்பார்கள் என்றான் இளவழகன். சீட்டின் பின்பக்கம் சரிதா எழுதினாள். அவள் பெயர்தான் ஏற்கெனவே கெட்டுவிட்டதே, எழுத என்ன என்று கேட்கலாம். ஆனாலும் எழுதினாள்.

அன்று சாயங்காலம் ஊரில் இரண்டு கூரையில்தான் புகை வந்தது. சீட்டை காஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுச் சின்னக்குழந்தை அடுப்பை ஊதினாள். இருமல் பிடித்துக்கொண்டது. வாசலில் மாணிக்கம்மாள் குரல் கேட்டது. அடுப்பு பற்றுகிறதாம், சுடர் மட்டும் சிவப்பாக வருகிறதாம், வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

"பாறைக்கு ஒரு எட்டு போய்ட்டு வாயேன்க்கா."

சின்னக்குழந்தை முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புத்தகத்திலிருந்து சீட்டை எடுத்தாள், கூடவே கைநாட்டுக்கு மை தடவப் பேனாவையும்.

"அந்த ஏழுல ஒன்னு உன்னுது, மாணிக்கம். மொதல்ல இதுல கைநாட்டு வெச்சிடு. அப்புறம் ஏறுறேன்."

"வெச்சா நாளைக்கு எங்கிட்டயும் முன்பணம் கேப்பாங்களேக்கா."

"கேப்பாங்க" என்றாள் சின்னக்குழந்தை. சீட்டை நீட்டியபடியே மறுபடி இரும ஆரம்பித்தாள். மாணிக்கம்மாள் அதை வாங்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. இருமல் அடங்குகிறவரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.